கன்சோல் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாமா? கேள்வி பதில்

வீடியோ கேம் கன்சோல் பத்திரிகைகளின் சந்தா, பழைய இதழ்கள், அவற்றோடு வந்த டெமோ தட்டுகள் (விளையாட்டின் மாதிரிப் பகுதி அடங்கிய குறுந்தட்டுகள்) பற்றி வந்த கேள்விகளில் சில.

கோவை: எல்லாம்தான் இணையத்தில் ஓசியில் கிடைக்கிறதே சார். இனி காசு கொடுத்து கேம் பத்திரிகை வாங்குவது வீண்தானே?

செய்திக்காக என்றால் வீண்தான். அச்சாகித் தபாலில் வந்து சேர்வதற்குள் அது பழங்கஞ்சி. இன்று சந்தா கட்டுகிறவர்கள் நீண்ட கட்டுரைக்கும் பக்க அமைப்புக்கும்தான் கட்டுகிறார்கள். அந்த வகையில் ஆங்கிலத்தில் நான் கைகாட்டுவது இரண்டு: 1993 அக்டோபரில் தொடங்கிய எட்ஜ், 2004-ல் தொடங்கிய ரெட்ரோ கேமர். இரண்டையும் இப்போது வெளியிடுவது பிரிட்டனின் ஃபியூச்சர் நிறுவனம். எட்ஜில் விளையாட்டு தயாரிக்கும் ஸ்டுடியோக்களுக்குள் போய் எழுதும் கட்டுரைகள் பலம். மதிப்பெண்ணில் கறார், முதன்முதலில் 10-க்கு 10 வாங்கிய விளையாட்டு 1996-ல் வந்த சூப்பர் மரியோ 64. ரெட்ரோ கேமரில் பழைய விளையாட்டுகள் உருவான விதத்தை, செய்தவர்களே சொல்வார்கள். 'பிளேஸ்டேஷன் 5-க்கு (பிஎஸ்5) அடுத்து எந்த கேம் வாங்கலாம்' என்பது மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால் இரண்டுமே வேண்டாம்.

லண்டன், ஹாரோ: முதல் சில இதழ் ரொம்ப மலிவு என்று விளம்பரம் போடுகிறார்கள். கட்டுவதற்கு முன் எதைப் பார்க்கணும் அண்ணா?

வருடத்துக்கு எத்தனை இதழ் என்பதை முதலில் பாருங்கள். பிரிட்டன் மாத இதழ்களில் பல, நான்கு வாரத்துக்கு ஒன்றாக வருடம் 13 வரும், எட்ஜும் அப்படித்தான். கடை விலை 7 பவுண்டு, வருடச் சந்தா 65 பவுண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 13-ஆல் வகுத்தால் இதழ் 5 பவுண்டு. 12-ஆல் வகுத்தால் 5.42. ஆறு மாதச் சந்தா என்று போட்டிருந்தால் ஆறா ஏழா என்பதை நிபந்தனையில் தேடுங்கள்.

அடுத்தது, சலுகை முடிந்தபின் என்ன விலை, எந்தத் தேதியில் எடுப்பார்கள் என்பது. பெரும்பாலும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். கடைசிச் சலுகை இதழ் கைக்கு வரும்போது அடுத்த தவணை ஏற்கெனவே போயிருக்கலாம். ஆகவே கட்டிய அன்றே, புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக ஃபோனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். நிறுத்தும்போது வங்கியில் டைரக்ட் டெபிட்டை (தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை) மட்டும் வெட்டினால் பணம் போகாது, ஆனால் சந்தா உயிரோடு இருக்கும். பாக்கி கேட்டு கடிதம் வரும். வெளியீட்டாளரிடம் சொல்லி, உறுதி மின்னஞ்சலை வாங்கிவைத்தபின் வங்கிக்குப் போங்கள்.

சென்னை: இங்கிருந்து அச்சுப் பிரதிக்குக் கட்டினால் கட்டுப்படியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. வெளிநாட்டுச் சந்தாவில் தபால் செலவே இதழ் விலையை நெருங்கும்; வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். டிஜிட்டல் பிரதிதான் தோது. இன்னொரு சிக்கல், கார்டு. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகத் திரும்பத் திரும்ப எடுக்கும் தொகைக்கு இ-மேண்டேட் (வங்கிக்கு நீங்கள் முன்கூட்டித் தரும் மின் அனுமதி) பதிவு வேண்டும். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் தர வேண்டும். அந்த ஏற்பாட்டில் இல்லாத வெளிநாட்டு நிறுவனம் கார்டில் கைவைத்தால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும். சந்தா சத்தமில்லாமல் நின்றுபோவதற்கு இதுவே காரணம். தவணை வேண்டாம், ஒரு வருடத்துக்கு மொத்தமாக ஒரே முறை கட்டுங்கள்.

டொரொண்டோ: அண்ணை, சந்தா கட்டினாப் பிறகு பத்திரிகையையே மூடிப்போட்டினம் எண்டால் காசு திரும்பி வருமோ?

நியாயமான பயம். இந்தத் துறையில் சாவு அதிகம். நின்டெண்டோ பவர் 2012 டிசம்பரில் 285-ஆம் இதழோடு முடிந்தது. அஃபிஷியல் எக்ஸ்பாக்ஸ் மேகசின் 2020-ல் நின்றது. அஃபிஷியல் பிளேஸ்டேஷன் மேகசின் 2021-ல் பெயர் மாறி 'பிளே' ஆகி, 2024-ல் அதுவும் போனது. 1991-ல் தொடங்கிய கேம் இன்ஃபார்மரை அதன் உரிமையாளரான கேம்ஸ்டாப் 2024 ஆகஸ்ட் 2 அன்று மூடியபோது, இணையதளத்தையும் சேர்த்தே இறக்கிவிட்டார்கள். 2025 மார்ச்சில் கன்சிலா கேம்ஸ் அதை வாங்கி மறுபடி தொடங்கியது என்பது அபூர்வம்.

மூடும்போது மீதி இதழுக்குப் பணம் தருவார்கள், அல்லது அதே நிறுவனத்தின் வேறு பத்திரிகைக்கு உங்களை மாற்றிவிடுவார்கள். மாற்றியதாகக் கடிதம் வந்தால் அதுவே முடிவு என்று இருந்துவிடாதீர்கள். 'எனக்கு வேண்டாம், மீதியைத் திருப்பித் தாருங்கள்' என்று எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால், கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். அதற்குக் கெடு உண்டு, ஆறப்போடக் கூடாது. தள்ளுபடி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள்.

சிங்கப்பூர்: டிஜிட்டல் என்றால் எந்த ஆப் நல்லது?

காசு கட்டுமுன் நூலக அட்டையை எடுங்கள். உங்கள் தேசிய நூலக வாரிய உறுப்பினர்களுக்கு லிபி (Libby), பிரஸ்ரீடர் ஆப்கள் இரண்டும் இலவசம். பத்திரிகைப் பெயரைத் தட்டித் தேடுங்கள். எந்த இதழ் இருக்கும் என்பது நூலகத்தின் ஒப்பந்தத்தைப் பொறுத்து அவ்வப்போது மாறும். ஃபோனில் படிப்பது தண்டனை: பல இதழ்கள் அச்சுப் பக்கத்தை அப்படியே படமாக்கித் தருகின்றன, மூன்று பத்தி எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கியே கை ஓயும். பத்து அங்குல டேப்லெட்டாவது வேண்டும். இன்னொன்று, ஆப்பில் படிக்கத்தான் உரிமை; சந்தா போனால் பழைய இதழும் போகலாம்.

மதுரை: 'அஃபிஷியல்' என்று அட்டையில் போட்டிருந்தால் விமர்சனத்தை நம்பலாமா?

யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். 1988-ல் தொடங்கிய நின்டெண்டோ பவரை 2007 வரை நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையே நடத்தியது. கடையில் விற்க வேண்டிய சரக்குக்கு அதே கடைக்காரர் எழுதும் விமர்சனம் எப்படி இருக்கும்? ஆனால் வரைபடம், குறுக்குவழி, ஒவ்வொரு கட்டமாகத் தாண்டும் விதம் ஆகியவற்றில் அதை அடிக்க ஆளில்லை. விற்காமல் தேங்கிய டிராகன் வாரியர் விளையாட்டின் கேட்ரிட்ஜை 1990-ல் சந்தா கட்டியவர்களுக்கு இலவசமாகவே அனுப்பினார்கள். ஜப்பானில் பேர்போன அந்தத் தொடர் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. பிரிட்டனின் அஃபிஷியல் பிளேஸ்டேஷன் வேறு ரகம்: சோனியிடம் உரிமம் வாங்கி ஃபியூச்சர் நடத்தியது. வெளியார் நடத்தினால் கொஞ்சம் நம்பலாம், அவ்வளவுதான்.

திருச்சி: பழைய பிளேஸ்டேஷன் இதழோடு வந்த டெமோ தட்டு கிடைத்திருக்கிறது. என் பிளேஸ்டேஷன் 2-வில் (பிஎஸ்2) ஓடுமா?

தட்டும் கன்சோலும் ஒரே பிராந்தியமாக இருந்தால்தான். பிரிட்டன் தட்டு பால் (PAL) வகை, அமெரிக்கத் தட்டு என்டிஎஸ்சி (NTSC); இரண்டும் வெவ்வேறு டிவி முறைகள். ஒன்றின் கன்சோலில் மற்றது ஏறாது. போடுவதற்குமுன் மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். 2004 விடுமுறைக்கால அமெரிக்க டெமோ தட்டு ஒன்றில் இருந்த வியூட்டிஃபுல் ஜோ 2 என்ற விளையாட்டின் டெமோ, கார்டில் சேமித்ததையெல்லாம் அழித்தது. தட்டில் அட்டையின் ரப்பர் பசை ஒட்டியிருந்தால் நகத்தாலோ தின்னராலோ தொடாதீர்கள். விரல் நுனியால் உருட்டி எடுத்து, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல. பிரிட்டன் தட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்: சோனியின் நெட் யாரோஸே கருவியில் வீட்டிலிருந்தே ஆர்வலர்கள் செய்த குட்டி விளையாட்டுகள் சிலவற்றில் உண்டு.

நாகர்கோவில்: இதழ்களின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?

வழவழப்புத் தாளில் களிமண் பூச்சு இருக்கிறது. ஈரம் பட்டால் அது இளகும், காயும்போது பக்கத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்து ஒட்டியதைப் பிரித்தால் எழுத்தோடு உரியும், விட்டுவிடுங்கள். புதிதாக நனைந்தது என்றால் காய்வதற்குள் பக்கங்களுக்கிடையே மெழுகுத்தாள் வையுங்கள். நிறைய நனைந்திருந்தால் பாலிதீன் பையில் போட்டு உடனே ஃப்ரீசரில் வைத்து, பிறகு சில சிலவாக எடுத்துப் பாருங்கள்.

இனிமேலுக்கு: பாலிபுரப்பிலீன் உறை, பின்னால் அமிலமில்லா அட்டை, பெட்டியில் நிமிர்த்தி, சாயாத அளவுக்கு நெருக்கமாக. பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் ரசாயனம் அச்சு மையைப் பிடிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். கடலோர ஊரில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த இதழில் அந்தப் பின் துருப்பிடித்தால் கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துவிடலாம். பசை முதுகு இதழ்களை 180 டிகிரி விரிக்காதீர்கள், பழைய பசை வெடிக்கும்.

யாழ்ப்பாணம்: பழைய இதழ்களை வாசிக்க மட்டும் விருப்பம், சேர்க்க வேண்டாம். எங்கே போறது?

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில் திறந்த இலவச டிஜிட்டல் நூலகம். அச்சில் இல்லாத 1,500-க்கு மேற்பட்ட இதழ்கள் உண்டு, சொல்லைக் கொடுத்து உள்ளடக்கத்திலேயே தேடலாம்.

பர்மிங்காம்: டிசம்பரில் கட்டினேன், ஜனவரி இதழ் வரவில்லை. புகார் செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். அட்டையில் உள்ள மாதம் முன்தேதி. 'ஜனவரி' இதழ் டிசம்பரிலேயே கடைக்கு வந்திருக்கும். உங்கள் சந்தா அதற்கு அடுத்ததில் தொடங்கியிருக்கலாம், தொடக்க இதழ் எண் உறுதி மின்னஞ்சலில் இருக்கும். அந்த எண்ணுள்ள இதழ் கடைக்கு வந்து ஒரு வாரம் கழிந்தும் வரவில்லை என்றால் சந்தாதாரர் எண்ணோடு எழுதுங்கள். மாற்றுப் பிரதி கேளுங்கள். கையிருப்பு இல்லை என்றால் சந்தாவை ஓர் இதழ் நீட்டிக்கச் சொல்லுங்கள். எட்ஜ் மாதிரி சந்தாதாரருக்குத் தனி அட்டை தரும் இதழ் என்றால், மாற்றுப் பிரதியும் அந்த அட்டையோடுதான் வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.