மரித்தவர்களுக்கு மறுவாய்ப்பு உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

1 பேதுரு 3:19-ல் இயேசு "காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்" என்று இருக்கிறதே. செத்துப்போனவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தாரா?

இந்த வசனத்தில் தடுமாறாத ஆள் கிடையாது. பேதுரு இங்கே என்ன சொல்லவருகிறார் என்று தனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தரே எழுதிவைத்திருக்கிறார்.

ஆதிசபையின் பெரிய போதகர் அகுஸ்தீன் சொன்ன விளக்கம் இது: நோவா பேழையைக் கட்டிய நாட்களில் கிறிஸ்துவின் ஆவியே அவர் வழியாகப் பேசியது, அன்று கேட்டும் கீழ்ப்படியாதவர்கள்தான் இப்போது காவலில் இருக்கிறார்கள். வேறு சிலர், இயேசு மரித்ததற்கும் உயிர்த்தெழுந்ததற்கும் இடையே பாதாளத்தில் இறங்கிப் பேசினார் என்கிறார்கள். மூன்றாவது விளக்கத்தில் அந்த ஆவிகள் மனிதர்களே அல்ல. ஆதியாகமம் 6-க்கும் 2 பேதுரு 2:4-க்கும் தொடர்புடைய, பாவம் செய்த தூதர்கள். அவர்களிடம் இயேசு தம் வெற்றியை அறிவித்தார்.

என் மனம் மூன்றாவது பக்கம் சாய்கிறது. 22-ஆம் வசனத்தைப் பாருங்கள்: தூதர்களும் அதிகாரங்களும் வல்லமைகளும் அவருக்குக் கீழ்ப்பட்டிருக்கிறார்கள் என்றுதான் பேதுரு முடிக்கிறார். பாடுபடுகிற விசுவாசிகளுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு!

சரி, எந்த விளக்கத்தை எடுத்தாலும், அந்த ஆவிகள் மனந்திரும்பின என்று வசனம் சொல்லவில்லை. மறுவாய்ப்புதான் விஷயம் என்றால், அடுத்த வசனம் குறிப்பிடுகிற நோவா காலத்தவர்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

அப்படியானால் 1 பேதுரு 4:6? மரித்தோருக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது என்று நேரடியாகவே இருக்கிறதே!

உயிரோடிருந்தபோது சுவிசேஷத்தைக் கேட்டு விசுவாசித்து, பிறகு இறந்துபோனவர்களைப் பற்றிய பேச்சு இது. "விசுவாசித்தும் செத்துத்தானே போனார்கள்" என்று ஊர் பேசினாலும், தேவன்முன் அவர்கள் பிழைத்திருக்கிறார்கள். மரித்துப்போன விசுவாசிகளைப் பற்றிய இதே கவலை தெசலோனிக்கேயா சபையிலும் இருந்தது (1 தெசலோனிக்கேயர் 4:13).

இறந்துபோன உறவினருக்காக நான் ஞானஸ்நானம் பெறலாமா? 1 கொரிந்தியர் 15:29 அதைத்தானே சொல்கிறது?

வேண்டாம். அந்த அதிகாரம் முழுக்க பவுல் வாதாடுவது உயிர்த்தெழுதலுக்காக. யாரோ செய்கிற ஒரு பழக்கத்தை எடுத்துக்காட்டி, "மரித்தோர் எழுந்திருக்கமாட்டார்கள் என்றால் இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்?" என்று மடக்குகிறார். 29-ஆம் வசனத்தில் பேச்சு மற்றவர்களைப் பற்றி. 30-க்கு வந்ததும் "நாங்களும்" என்று தன் பக்கம் திரும்புகிறார். இதைச் செய்யுங்கள் என்று வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை.

ஆதிசபை தள்ளிவைத்த மார்சியோன் என்பவரின் கூட்டத்தார் இதை எப்படிச் செய்தார்கள் என்று பழங்காலப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் விவரித்திருக்கிறார். பிணம் கிடக்கும் கட்டிலுக்கு அடியில் ஒருவர் ஒளிந்துகொள்வார். "ஞானஸ்நானம் பெற விருப்பமா?" என்று பிணத்திடம் கேட்பார்கள். கீழே இருப்பவர் "ஆம்" என்பார். அப்புறம் மரித்தவருக்குப் பதிலாக ஒளிந்திருந்தவருக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். மார்மன் சபையாரும் இந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டித்தான் 1840 முதல் மரித்தோருக்கான ஞானஸ்நானத்தைச் செய்துவருகிறார்கள். ஒருவர் விசுவாசத்தை இன்னொருவர் கணக்கில் எழுத முடியாது என்பதே என் உறுதியான நிலைப்பாடு.

அப்பா இரட்சிக்கப்படாமல் இறந்துவிட்டார். அவர் நரகத்துக்குத்தான் போனார் என்று அடக்க ஆராதனையிலேயே ஒருவர் சொன்னார். தூக்கமே வரவில்லை.

சகோதரி, அப்படிச் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. மரணத்துக்குப் பின் நியாயத்தீர்ப்பு என்று எபிரெயர் 9:27 சொல்வது உண்மைதான். நியாயாசனத்தில் உட்காருகிறவர் கிறிஸ்து. அடக்கத்துக்கு வந்தவர்கள் இல்லை. உங்கள் அப்பாவின் கடைசி மணி நேரத்தில் அவருக்கும் தேவனுக்கும் இடையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் நிச்சயம் பரலோகத்தில் இருக்கிறார் என்று சொல்ல எனக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் தேவனிடமே கேட்டான். நீங்களும் அழுதுகொண்டே கேளுங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

அப்பாவுக்காக இப்போது ஜெபிக்கலாமா என்றும் நீங்கள் யோசிக்கலாம். மரித்தவருக்காக ஜெபிப்பதில் சபைகள் பிரிந்து நிற்கின்றன. கத்தோலிக்கர் 2 மக்கபேயர் 12-ஐக் காட்டி ஜெபிப்பார்கள். அந்தப் புத்தகத்தை வேதத்தின் பகுதியாக ஏற்காத புராட்டஸ்டண்டு சபைகள் பெரும்பாலும் ஜெபிப்பதில்லை.

சிலுவையில் இருந்த கள்ளன் ஞானஸ்நானம் பெறாமலே பரதீசுக்குப் போனானே?

போனான். கை கால் அறையப்பட்டவனுக்கு வேறு வழி இல்லை. வழி இருக்கிறவர்கள் அவனைச் சாக்காகக் காட்டக் கூடாது. இன்னொன்று, அவன் கேட்டதும் இயேசு பதில் சொன்னதும் அவன் உயிரோடிருந்தபோதுதான். மரித்தபின் வாய்ப்பு உண்டு என்பதற்கு அவனைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.