போன் ஒட்டுக் கேட்கிறதா? மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (தோட்டத்து இல்லத்தரசி): பக்கத்து வீட்டு அக்காவிடம் தையல் மெஷின் வாங்கணும்னு வாயால்தான் பேசினேன். சாயங்காலமே பேஸ்புக்கில் அந்த விளம்பரம் வருது. போன் ஒட்டுக் கேட்குதா?

பதில்: ஒட்டுக் கேட்க வேண்டிய தேவையே இல்லைம்மா. லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரே வைஃபை ஓடினால், வெளியே தெரிவது ஒரே ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண். அக்கா தன் போனில் தேடியிருந்தால், விளம்பரம் உங்களுக்கும் வரலாம். இன்னொன்று, ஆண்ட்ராய்டு போனில் விளம்பர ஐடி என்று ஒன்று உண்டு. விளையாட்டு, கடை, டார்ச்லைட் செயலிகள் அந்த ஐடியை வைத்துத்தான் உங்களைப் பற்றிய தகவல்களை ஒன்றாகக் கோக்கின்றன.

அந்த ஐடியை அழிக்க, போன் செட்டிங்ஸில் 'பிரைவசி', பிறகு 'ஆட்ஸ்', அதில் 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி'. சில போன்களில் இது 'கூகள்' பகுதிக்குள் இருக்கும். பேஸ்புக் செட்டிங்ஸில் 'யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ்' என்று தேடுங்கள். மற்ற செயலிகளும் தளங்களும் உங்களைப் பற்றி பேஸ்புக்குக்கு அனுப்பிய தகவல் அங்கேதான் இருக்கும். பலர் பழையதை மட்டும் அழித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். புதியது மறுபடி சேரும். 'டிஸ்கனெக்ட் ஃபியூச்சர் ஆக்டிவிட்டி'யையும் அழுத்த வேண்டும். விளம்பர எண்ணிக்கை குறையாது, குறி வைப்பதுதான் குறையும்.

கேள்வி (படிவம் 5 மாணவர்): பிரௌசரில் இன்காக்னிட்டோவில் (பார்த்த பட்டியலைச் சேமிக்காத முறை) பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே சார்?

பதில்: உங்களுக்குப் பிறகு போனை எடுக்கும் தம்பிக்குத் தெரியாது. இணையச் சேவை நிறுவனத்துக்கு எந்தத் தளம் என்பது பெரும்பாலும் தெரியும். அதற்குள் ஜிமெயிலில் நுழைந்தால் கூகளுக்கும் தெரியும்.

கேள்வி (டவுனில் கடை வைத்திருப்பவர்): உறுப்பினர் அட்டைக்கு ஐசி (அடையாள அட்டை) நம்பர், ஐசி நகல் எல்லாம் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

பதில்: தள்ளுபடிக்கு ஐசி எதற்கு அண்ணே? அந்த 12 இலக்கங்களே நிறையச் சொல்லிவிடும். முதல் ஆறு பிறந்த தேதி; அடுத்த இரண்டு பிறந்த இடம், 08 என்றால் பேராக்; கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். எழுத்து படத்தின் மேல் ஓடட்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டு விளம்பர அழைப்பு வருகிறதா? 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, நிறுத்தச் சொல்லி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கேட்கலாம். போனில் கத்துவது வீண். அரசாங்கத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கேள்வி (ஓய்வு பெற்றவர்): பார்சல் வந்திருக்கு என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும்) கோப்பைத் திறந்து போட்டுவிட்டேன். எஸ்எம்எஸ் அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டேன்.

பதில்: ஐயா, இது விளம்பரத் தொல்லை இல்லை, திருட்டு. அந்த அனுமதி இருந்தால் வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் டிஏசி எண்ணை (பணப் பரிமாற்றத்தை உறுதி செய்யும் ஒருமுறை எண்) அவர்கள் படித்துவிடுவார்கள். முதலில் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். வேறு போனிலிருந்து வங்கிக்கும், மோசடிப் புகாருக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். கடவுச்சொல்லையும் வேறு போனிலேயே மாற்றுங்கள். இதில் மாற்றினால் புதியதும் அவர்கள் கைக்குப் போகலாம். செயலியை நீக்கினால் மட்டும் போதாது, போனை ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிய போன் போல் ஆக்குவது) செய்யுங்கள். பிறகு வாட்ஸ்அப்பைத் திரும்ப ஏற்றும்போது அதே ஏபிகே கோப்பு உரையாடலில் கிடக்கலாம். இருந்தால் முதல் வேலையாக அதை அழித்துவிடுங்கள்.