பனி பார்த்த பூமி: ஹன்சா பள்ளத்தாக்கு கேள்வி பதில்

பாகிஸ்தான் நிர்வாகத்திலுள்ள கில்கித்-பால்டிஸ்தானில், காரகோரம் மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே இறங்குகிறது ஹன்சா ஆறு. கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்தவரை சொல்கிறேன்.

சார், காரகோரமும் இமயமலைதானே?

இல்லை, பக்கத்து வீடு. சிந்து, ஷியோக் ஆறுகளுக்கு வடக்கே இருப்பது காரகோரம். ஜக்லோட் அருகே கில்கித் ஆறு சிந்துவில் கலக்கிறது. இமயம், காரகோரம், இந்துகுஷ் மூன்றும் முகம் பார்த்துக்கொள்ளும் இடம் அது.

இவ்வளவு பனி இருந்தும் வயலுக்குத் தண்ணீர் இல்லை என்கிறார்களே, எப்படி அண்ணா?

மழை மறைவுப் பகுதி, அதாவது மலைகள் மழைமேகத்தைத் தடுத்துவிடும் இடம். பள்ளத்தாக்கின் அடியில் ஆண்டு மழை 200 மி.மீ.கூடத் தேறாது, உச்சியில் கொட்டும் பனியோ அதைப்போலப் பல மடங்கு. ஆறு ஓடுகிறதே என்பீர்கள். அது ஆழமான மலையிடுக்கில் கிடக்கிறது, வயலுக்கு ஏற்ற முடியாது. அதனால் ஹன்சாவின் முக்கிய ஊரான கரீமாபாத்தின் மக்கள் தலைக்கு மேலே இருக்கும் உல்தார் பனியாற்றின் (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி) ஓடையிலிருந்து, செங்குத்துப் பாறையைக் குடைந்து வாய்க்கால் கொண்டுவந்தார்கள். வாய்க்காலுக்குக் கீழே ஆப்ரிகாட் தோப்பு, மேலே வெறும் கல். கோடு போட்டதுபோல் இருக்கும்.

நம்மூரில் மேகம் கூடினால் விவசாயி முகம் மலரும். அங்கே கோடையில் மேகம் கவிந்தால் வாடிவிடும்; வெயில் இல்லையென்றால் பனி உருகாது. நாம் வானம் பார்த்த பூமி என்கிறோம், அவர்களுடையது பனி பார்த்த பூமி.

பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு ‘ப’ வடிவில் இருக்கும் என்று படித்தேன். படத்தில் அப்படித் தெரியவில்லையே?

இரண்டும் உண்டு. பனியாறு அகலமாகச் சுரண்டிவிட்டுப் போனது. அதன் தரையைப் பிறகு ஆறு கத்தியால் கீறியதுபோல் வெட்டியது. ஊர்களும் வயல்களும் பெரும்பாலும் ஆற்றுக்கு மேலே உள்ள திட்டுகளில்தான்.

உலகமெங்கும் பனியாறு சுருங்க, அங்கே மட்டும் வளர்கிறதாமே?

வளர்கிறது என்பது மிகை. கடந்த சில பத்தாண்டுகளில் காரகோரத்தின் பல பனியாறுகள் பெரிதாக இளைக்கவில்லை, அவ்வளவுதான். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று தரும் பனிப்பொழிவு ஒரு முக்கியக் காரணம். ஆனால் சில பனியாறுகள் திடீரென்று பாய்ந்து முன்னேறும். 2018இல் ஷிஸ்பர் அப்படிக் கிளம்பி, பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஓடையை மறித்து ஏரியாக்கியது. பின்னாளில் அங்கே தேங்கிய நீர் 2022 மே மாதம் உடைத்துக்கொண்டு வந்ததில், ஹசனாபாத் என்ற ஊரில், பாகிஸ்தானையும் சீனாவையும் இணைக்கும் காரகோரம் நெடுஞ்சாலையின் பாலமே சரிந்தது.

அட்டாபாத் ஏரி பனியாறு உண்டாக்கியதா?

இல்லை, நீல நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2010 ஜனவரி 4 அன்று மலை சரிந்து விழுந்து இருபது பேர் இறந்தார்கள். ஹன்சா ஆறு அடைபட்டு ஏரியானது. நெடுஞ்சாலை மூழ்க, 2015இல் சுரங்கப்பாதை திறக்கும்வரை ஆட்களும் சரக்கும் படகில்தான். இப்போதும் படகு ஓடுகிறது, சுற்றுலாப் பயணிகளுக்காக. அடியில் பழைய சாலை கிடக்கிறது.