எல்டன் ரிங் வாங்கலாமோ? வாசகர் கேள்வி பதில்

போன இதழில எல்டன் ரிங் எண்ட சண்டை வீடியோ கேம் பற்றிக் கேள்வி இருந்தா எழுதுங்கோ எண்டு கேட்டிருந்தம், கன பேர் எழுதியிருக்கிறியள், எல்லாத்தையும் போட இடம் காணாது. ஆனா ஆக்கள் திருப்பித் திருப்பிக் கேட்டது என்ர மிசினில ஓடுமோ, சண்டை ஏன் இவ்வளவு கஷ்டம், இந்தக் காசுக்கு இது தகுமோ எண்டது தான், அதில அஞ்சை எடுத்திருக்கு.

கேள்வி: அண்ணை, நான் கம்பஸில படிக்கிறன். என்ர லப்டொப்பில ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் காட், 8 ஜிபி ரம். யூடியூபில இதே காட்டில 50 எஃப்பிஎஸ்சுக்கு (ஒரு செக்கனுக்கு வாற படங்கள்) மேல ஓடுது எண்டு காட்டுறாங்கள், நம்பி வாங்கலாமோ? (திருநெல்வேலி)

பதில்: தம்பி, அந்த நம்பர் பொய்யெண்டு சொல்லமாட்டன், ஆனா அது சராசரி, இந்தக் கேமில சராசரியை வைச்சு ஒண்டும் முடிவெடுக்க ஏலாது. 60 எஃப்பிஎஸ் எண்டா ஒரு படம் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா வரோணும், எல்டன் ரிங் பிசியில எவ்வளவு பெரிய காட் போட்டாலும் 60க்கு மேல போகாது, அப்பிடித்தான் பூட்டி விட்டிருக்கினம். அதால கேக்க வேண்டியது எவ்வளவு வேகமா ஓடுது எண்டில்லை, எவ்வளவு சீரா ஓடுது எண்டு தான். சராசரி 55 காட்டினாலும் இடையில ஒருக்கா கால் செக்கன் நிண்டு இழுத்தா அந்தக் கால் செக்கனுக்குள்ள தான் எதிரி வாளை இறக்குவான், நீங்கள் அடிக்குத் தப்ப உருளுற பட்டனை அமத்தினது சரியான நேரத்தில எண்டாலும் செத்துப் போவியள்.

2022 பெப்ரவரியில வந்த நேரம் பெரிய பெரிய காட் வைச்சிருந்தவைக்கும் இந்த இழுவை இருந்தது, ஏனெண்டா ஒரு புது எஃபெக்ட் முதல்தரம் திரையில வரேக்க தான் அதுக்கான ஷேடரை, அதாவது அதை வரையிற சின்ன புரோகிராமைக் கேம் அந்த இடத்தில வைச்சுத் தயாரிக்குது, அது முடியுமட்டும் படம் நிக்கும். ஸ்டீம் எண்ட இணையக் கேம் கடையை நடத்துற வால்வ் கொம்பனி தங்கட ஸ்டீம் டெக் எண்ட கையில பிடிச்சு விளையாடுற மிசினில இதைத் தாங்களே பெரும்பாலும் சரிக்கட்டினதால கொஞ்சக் காலம் அந்தச் சின்ன மிசின் ஆயிரக்கணக்கான டொலர் கொம்பியூட்டரை விட வழுக்கிக்கொண்டு ஓடினது. இப்ப பிசியிலயும் முந்தியை விடப் பரவாயில்லை, ஆனா குதிரையில வேகமா ஒரு புது இடத்துக்குள்ள போகேக்க இப்பவும் இடைக்கிட இழுக்கும், அதைச் சொல்லாம வாங்குங்கோ எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

உங்கட லப்டொப்பில முதல் பிரச்சினை காட் இல்லை, ரம். குறைஞ்சது 12 ஜிபி வேணும் எண்டு அவையளே போட்டிருக்கினம், காட்டுக்கு ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி தான் கீழ்மட்டம், உங்கட 1650 அதுக்குக் கொஞ்சம் கீழ தான், ஆனாச் சமாளிக்கலாம். கேமுக்குக் காசு குடுக்க முதல் இன்னொரு 8 ஜிபி ரம் வாங்கிப் போடுங்கோ, ரெண்டு ஸ்டிக் சேந்து நிண்டா ப்ரேம் துள்ளுறதும் குறையும். எஸ்எஸ்டியில 60 ஜிபி இடம் விடோணும். கேம் செட்டிங்கில ரே டிரேசிங்கை ஒஃப் பண்ணுங்கோ, புல்லு, நிழல், வொல்யூமெட்ரிக் (புகை, மூடுபனி) இந்த மூண்டையும் குறையுங்கோ, டெக்ஸ்சரை மீடியத்தில விடுங்கோ. அப்பிடியும் 60ல நிக்காட்டி என்விடியா பனலில 30க்குப் பூட்டுங்கோ. 30ல விளையாட எனக்குப் பிடிக்காது தான், ஆனா 38க்கும் 57க்கும் இடையில துள்ளிக்கொண்டிருக்கிறதை விட அது எவ்வளவோ மேல், கை ஒரு தாளத்துக்குப் பழகும்.

இன்னொண்டு, ஓடுதோ எண்டு முதல் பத்து நிமிசத்தில பாத்து முடிவெடுக்காதேங்கோ. தொடக்கத்தில வாற குகை சின்ன மூடின இடம், அதுக்குள்ள எல்லாம் வடிவா ஓடும், வெளியில லிம்கிரேவ் வெட்டைக்கு வந்து அரை மணித்தியாலம் திரிஞ்சாப் பிறகு தான் உண்மை தெரியும். எங்கட சித்திரை வெயிலில அந்த அரை மணித்தியாலத்தில லப்டொப் கொதிச்சுத் தன்ர வேகத்தைத் தானே குறைச்சுப்போடும், ஃபானில இருக்கிற தூசியைத் துடைச்சு, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயத்தி வைச்சு விளையாடுங்கோ. ஸ்டீமில வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாடினது 2 மணித்தியாலத்துக்குக் குறைவெண்டா காசைத் திருப்பித் தருவினம். அதால முகம் மூக்கு செய்யிற இடத்தில நிண்டு மினக்கெடாம நேரா வெளியில போய்ப் பாருங்கோ.

கேள்வி: மார்கிட் எண்ட முதல் பெரிய எதிரியோட (பொஸ்) அடிபட்டு அடிபட்டு அலுத்துப்போச்சு. நான் உருளுறன், அவன் பொறுத்து நிண்டு பிறகு அடிக்கிறான். இது சண்டை முறையில பிழையோ, இல்லாட்டி எனக்கு ஏலாதோ? (சுன்னாகம்)

பதில்: தங்கச்சி, ரெண்டும் இல்லை. மத்த அக்சன் கேமுகளில எதிரி கையை ஓங்கின உடனே பட்டனை அமத்தினாத் தப்பலாம், அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் மார்கிட்டை வாசலில நிப்பாட்டியிருக்கினம். அவன்ர கை மேல போறதைப் பாக்காதேங்கோ, இறங்கத் தொடங்குறதைப் பாருங்கோ, அப்ப உருளுங்கோ, பின்னால இல்லை, அவன்ர பக்கமா. பதட்டத்தில பட்டனை ரெண்டு மூண்டு தரம் அமத்தினா ரெண்டாவது அமத்தலையும் கேம் வரிசையில வைச்சுக்கொள்ளும், அதால தேவையில்லாம ஒரு உருளல் கூட உருண்டு நேரா அடிக்குள்ள போய் விழுவியள். ஒருக்கா அமத்துங்கோ, விடுங்கோ.

உடுப்பும் ஆயுதமும் எவ்வளவு பாரம் எண்டும் பாருங்கோ. தாங்கக்கூடிய பாரத்தில 70 வீதத்தைத் தாண்டினா உருளல் தொம்மெண்டு விழும், அந்த நிலையில மார்கிட்டோட நிக்கவே வேண்டாம். கேடயம் வைச்சிருந்தா அவன்ர அடியைத் தடுத்த கையோட பலத்த அடிப் பட்டனை அமத்துங்கோ, அந்தத் திருப்பி அடிக்கிற முறையும் பாய்ஞ்சு அடிக்கிறதும் அவன்ர நிலையைக் குலைக்கும், குலைஞ்சு முழங்காலில விழேக்க கிட்டப் போய் ஒண்டு போட்டா நல்லா இறங்கும். எல்லே தேவாலயத்தில ரென்னா எண்டவ தாற மணியை வாங்கினீங்களோ? அது இருந்தா ஓநாய்களைக் கூப்பிட்டு உதவிக்கு விடலாம், அவன் அவையளோட நிக்கேக்க நீங்கள் முதுகில அடியுங்கோ. மர்க்வோட்டர் குகையில இருக்கிற பச்சஸ் எண்ட வியாபாரியிட்ட 5,000 ரூனுக்கு (கேமுக்குள்ள இருக்கிற காசு) ஒரு கைவிலங்கு விக்குது, அதை மார்கிட்டுக்குப் பாவிச்சா கொஞ்ச நேரம் நிலத்தோட கட்டிப்போடும்.

ஆனா நான் உங்களுக்குச் சொல்லுறது இதொண்டும் இல்லை, அவனை விட்டிட்டுப் போங்கோ எண்டு தான். தெற்கால வீப்பிங் பெனின்சுலா எண்ட பகுதி முழுக்கக் கிடக்கு, அங்க போய் விகரை (உயிர்ப் பலத்தை) கூட்டுங்கோ, ஸ்மிதிங் ஸ்டோன் எண்ட கல்லைப் பொறுக்கி வாளைப் பலப்படுத்துங்கோ, பிறகு வாங்கோ. அவன் வாசலில நிக்கிற கோட்டைக்குப் பக்கத்தால ஒரு பாதை பின்னால லியூர்னியா எண்ட அடுத்த பகுதிக்குப் போகுது, விரும்பினா மார்கிட்டைக் காணாமலே போகலாம். லெவலைக் குறைக்கிற ஈசி மோட் ஒண்டும் இந்தக் கேமில இல்லை எண்டு ஆக்கள் குறை சொல்லினம், எனக்கெண்டா அந்தப் பெரிய நிலம் தான் ஈசி மோட், கஷ்டமெண்டா வேற பக்கம் போகலாம், திறந்த உலகத்தைச் சண்டையோட இவ்வளவு அர்த்தமா இணைச்ச வேற கேமை நான் காணேல்லை.

குறையும் இருக்கு. பெரிய மிருகங்களோட அடிபடேக்க கமரா அதுகளின்ர வயித்துக்குள்ள போய் மாட்டுப்படும், ஒண்டும் தெரியாது. குகைகளிலயும் நிலக்கீழ்க் கல்லறைகளிலயும் ஒரே பொஸ்ஸைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கினம், கடைசிப் பகுதியில சில பொஸ் அடிக்கத் தொடங்கினா நிப்பாட்டுறதே இல்லை, எங்களுக்கு ஒரு அடி போட இடம் தாறேல்லை. அதுகளைக் கஷ்டமெண்டு சொல்லி விடேலாது, அங்க சண்டையைக் கட்டினது சரியில்லை.

கேள்வி: மகன் ஓஎல் எழுதிப்போட்டு நிக்கிறான். இந்தக் கேமுக்கு 18,000 ரூபா கேக்கிறான். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு குடுக்கலாமோ? பேஸ்புக்கில 2,000க்கும் விக்கினமாம். (சாவகச்சேரி)

பதில்: அக்கா, அவன் சொன்ன கணக்குச் சரி தான். விலை 59.99 டொலர், டொலர் 300 ரூபா எண்டு பாத்தா 18,000 வருது. இந்தக் கேம் வந்தது 2022 பெப்ரவரி 25, அப்ப டொலர் 200 ரூபா அளவில நிண்டது, 12,000க்கு வாங்கியிருக்கலாம், மார்ச் மாதம் ரூபா விழுந்தாப் பிறகு மே மாதத்தில அதே கேம் 21,000ஐத் தாண்டினது. கேம் கொம்பனி ஒரு சதம் கூட்டேல்லை, எங்கட ரூபா தான் விழுந்தது, அதை நினைக்க எனக்கு இப்பவும் வயிறு எரியும்.

தகுமோ எண்டு கேட்டா, கதையை மட்டும் முடிக்கவே 60 மணித்தியாலத்துக்குக் குறையாது, எல்லா இடமும் பாத்தா 100ஐத் தாண்டும், அந்தக் கணக்கில இது காசுக்குத் தகுந்த சாமான். ஆனா முழு விலைக்கு வாங்க வேண்டாம். ஸ்டீமில கோடை, மாரி விற்பனை நேரம் 30, 40 வீதம் குறைச்சுக் குடுக்கிறவை, அதுவரைக்கும் அவனைப் பொறுக்கச் சொல்லுங்கோ. பிறகு வந்த எர்ட்ட்ரீ டிஎல்சி (கேமோட சேர்க்கிற மேலதிகப் பகுதி) தனிய 39.99 டொலர், அதை இப்ப வாங்கிக் குடுக்காதேங்கோ, முதல் கேமில கனதூரம் போகாம அதுக்குள்ள கால் வைக்கவே ஏலாது.

வெளிநாட்டில சொந்தக்காரர் இருந்தா இன்னொரு வழி இருக்கு. ஸ்டீமில அவையளும் மகனும் நண்பரா இருந்து 3 நாள் போனாப் பிறகு டிஜிட்டல் கிஃப்ட் காட் அனுப்பலாம், அவை தங்கட காசில கட்ட இஞ்ச மகன்ர வொலட்டில டொலரா விழும், உங்கட பாங்க் காட் தேவையில்லை.

2,000 ரூபாக்கு விக்கிறது கேம் இல்லை அக்கா, வேற ஆற்றையோ எக்கவுண்டின்ர பாஸ்வேர்ட். கன பேருக்கு ஒரே எக்கவுண்டை விக்கிறவை, நாளைக்குப் பாஸ்வேர்ட் மாறினா காசும் இல்லை கேமும் இல்லை. கேமின்ர வயசுக் கணக்கு ஐரோப்பாவில 16, அமெரிக்காவில 17, இரத்தமும் பயங்கர உருவங்களும் இருக்கு, ஓஎல் எழுதின பிள்ளைக்கு நீங்கள் ஒருக்காப் பக்கத்தில இருந்து பாத்திட்டு முடிவெடுங்கோ.

கேள்வி: லண்டனில இருந்து மாமா வாறார், என்ர பிளேஸ்டேசன் 5க்கு (பிஎஸ்5) டிஸ்க் கொண்டுவரச் சொல்லலாமோ? என்ர எக்கவுண்ட் அமெரிக்கா எண்டு போட்டுத் திறந்தது. (பருத்தித்துறை)

பதில்: கொண்டுவரச் சொல்லலாம், ஆனா டிஎல்சியை யோசியுங்கோ. பிளேஸ்டேசனில இலங்கை எண்ட நாடே இல்லாததால எல்லாரும் வேற நாட்டுப் பேரில தான் திறக்கிறம், லண்டன் டிஸ்க் உங்கட பிஎஸ்5இல வடிவா ஓடும், ஆனா அமெரிக்க எக்கவுண்டில வாங்கிற டிஎல்சி அந்த டிஸ்க்கோட சேராது. ஒண்டில் அமெரிக்க டிஸ்க், இல்லாட்டி டிஎல்சிக்கெண்டு பிரித்தானிய எக்கவுண்ட் ஒண்டு திறவுங்கோ. மாமாட்ட பிஎஸ்4 டிஸ்க்கையே கேளுங்கோ, டிஸ்க்கின்ர நாடும் எக்கவுண்டின்ர நாடும் ஒண்டெண்டா அதை வைச்சு பிஎஸ்5 பதிப்புக்கும் காசில்லாம மாறலாம், மாறாம பிஎஸ்4 பதிப்பையே பிஎஸ்5இல ஓடவிட்டா படம் கொஞ்சம் குறைவா இருந்தாலும் 60ல நல்லா உறுதியா நிக்கும், பிஎஸ்5 பதிப்பு அப்பிடி நிக்காது. நானெண்டா சண்டைக்காக அதைத்தான் எடுப்பன்.

கேள்வி: விளையாடேக்க கறண்ட் போனா சேவ் போயிடுமோ? (மானிப்பாய்)

பதில்: கேம் தன்ர பாட்டில அடிக்கடி சேவ் பண்ணும், அதால கனக்க இழக்க மாட்டியள், ஆனா எழுதிக்கொண்டிருக்கேக்க கறண்ட் போனா ஃபைல் பழுதாகலாம். விண்டோஸில ஆப்டேட்டாவுக்குள்ள ரோமிங், அதுக்குள்ள எல்டன்ரிங் எண்டு ஒரு ஃபோல்டர் இருக்கும், கிழமைக்கு ஒருக்கா அதை அப்பிடியே ஒரு பென்டிரைவுக்குக் கொப்பி பண்ணுங்கோ. டெஸ்க்டொப் எண்டா ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கோ, மெனுவுக்குப் போய் வெளிய வாற அளவு நேரம் கிடைச்சாக் காணும்.