தோசைக்கு எண்ணெய் விடலாமா?

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு 58 வயது. போன மாதம் கொலோனாஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து பெருங்குடலில் இருந்த ஒரு பாலிப்பை, அதாவது உள்சுவரில் வளர்ந்த சிறு சதையை, எடுத்தார்கள். குடல் கட்டிகளில் கொழுப்பைத் தயாரிக்கும் நொதி அதிகமாக வேலை செய்கிறது என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து வீட்டில் நெய்யும் இல்லை, எண்ணெயும் இல்லை. தோசையை வெறும் கல்லில் வார்க்கிறேன். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். நான் செய்வது சரிதானே?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

தோசைக்கு ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள், பாவம் அவர்.

நீங்கள் படித்தது உண்மைதான். ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ் என்பது அந்த நொதியின் பெயர். ஆனால் அது நாம் தின்னும் கொழுப்பை எடுத்துக் கட்டியில் சேர்க்கும் நொதி அல்ல. கொழுப்பைப் புதிதாகச் செய்கிற நொதி. அதற்கான சரக்கு பெரும்பாலும் சர்க்கரை உடைந்துதான் வருகிறது. நம் லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் பூக்கட்டும் அம்மாக்களைக் கவனித்திருப்பீர்கள்: இரண்டிரண்டு மொட்டாக வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். இந்த நொதியும் அப்படித்தான். முதலில் இரண்டு கார்பன் அணு, பிறகு ஏழு முறை இரண்டிரண்டாகக் கோர்த்து, 16 கார்பன் வந்ததும் சரத்தை அறுத்துவிடும். அதுதான் பால்மிட்டிக் அமிலம். நம் ஈரலிலும், பால் சுரக்கும் மார்பிலும் இதே வேலை நடக்கிறது. மற்ற திசுக்கள் பெரும்பாலும் இரத்தத்தில் வரும் கொழுப்பை எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். கட்டிக்கு அது போதாது. பெருகும் ஒவ்வொரு செல்லுக்கும் புதுச் சவ்வு வேண்டும், சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும்.

இந்த நொதியை முடக்கும் மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். நெய்ச் சட்டியைக் கவிழ்த்து அதை முடக்க முடியாது. அதற்காக ஆட்டுக் கொழுப்பும் சாசேஜும் தினமும் வேண்டாம். அது வேறு கணக்கு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2015லேயே சொல்லிவிட்டது.

உங்கள் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. 1997ல் வந்த ஓர் ஆய்வில், புற்றாக மாறியவற்றில் மட்டுமல்ல, அடினோமா என்கிற பாலிப்புகளிலும் இந்த நொதி கூடுதலாக இருந்தது. அதாவது பூக்கட்டும் வேலை சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. பாலிப்பை அந்தக் கட்டத்திலேயே எடுத்தார்களே, அதுதான் பெரிய வைத்தியம். மருத்துவர் அடுத்த கொலோனாஸ்கோபிக்குச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம், கணவர் வயதை எழுதினீர்கள், உங்கள் வயதை எழுதவில்லை. 50 ஆகிவிட்டதென்றால் வீட்டிலேயே மலமாதிரி எடுத்து, அதில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் பரிசோதனைப் பெட்டி நமக்கு உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகவே தருகிறது. என்னுடையது மேசை இழுப்பறையில், கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் நான்கு மாதம் கிடந்தது. கூச்சம், வேறென்ன. குச்சியால் மேலாகச் சுரண்டிக் குழாயில் போட்டு மூடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வெவ்வேறு நாள்களில் எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.