வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள்

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு,

நீட்டில் மார்க் குறைந்ததிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் உங்கள் தம்பி சொல்கிறார் என்பதற்காக வீட்டை அடமானம் வைத்து மகளை வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பாதீர்கள். படித்து வந்தாலும் இங்கே வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் டாக்டர், அதுவரை வட்டி நிற்காது. அதைவிட முக்கியம், டாக்டராக வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. பாக்டீரியா வைரஸை எப்படி வெட்டுகிறது என்றுதான் ஓயாமல் கேட்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளை பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியில் சேருங்கள்.

அவள் கேட்பது பெரிய விஷயம். தாக்க வந்த வைரஸின் டி.என்.ஏ. துண்டைப் பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் சேர்த்து வைக்கும். அதே வைரஸ் மறுபடி வந்தால், அந்தத் துண்டின் ஆர்.என்.ஏ. நகல் வழிகாட்ட, கேஸ்9 என்ற என்சைம் போய் வெட்டும். அந்த வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் 20 எழுத்தை (வேதி அலகுகளை) மாற்றினால் நமக்கு வேண்டிய ஜீனையே வெட்டலாம் என்று 2012இல் காட்டிய ஜெனிஃபர் டவுட்னாவுக்கும் இம்மானுவேல் ஷார்பென்டியேவுக்கும் 2020இல் வேதியியல் நோபல் கிடைத்தது. டவுட்னா பயோகெமிஸ்ட். நம் நாட்டிலும் 2025இல் ஜீன் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்துவிட்டார்கள்.

லேபில் வேலை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெட்டுகிறதா என்று பார்க்க, கேஸ்9, வழிகாட்டி ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. மூன்றையும் 10:10:1 மூலக்கூறு விகிதத்தில் கலந்து 37 டிகிரியில் 15 நிமிடம் வைப்பார்கள். கேஸ்9 வெட்டிய டி.என்.ஏ.வை லேசில் விடாது. அதனால்தான் அவ்வளவு கூடுதலாகப் போடுவது. புரதத்தைச் சிதைக்கும் புரோட்டீனேஸ் கே சேர்த்து கேஸ்9ஐச் சிதைக்காமல், டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் பட்டைகள் இழுபட்டு, வெட்டியதா இல்லையா என்றே புரியாது. கிளவுஸ் போடாத விரல் பட்டால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். டி.என்.ஏ.வில் வெட்டும் இடத்தை ஒட்டி ‘ஜி’ என்ற எழுத்து இரண்டு முறை வராவிட்டால் என்சைம் அங்கே உட்காராது. ஒரு வாரம் இப்படி வீணானாலும் ஏன் என்று தேடத் தோன்றுகிற பிள்ளைக்கு இது சரியான படிப்பு.

அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. தளத்தில் விண்ணப்பியுங்கள். பயோகெமிஸ்ட்ரி கிடைக்காவிட்டால் கெமிஸ்ட்ரி எடுக்கலாம், தப்பில்லை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்றாம் வருடம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் தேர்வு. பயோடெக்னாலஜி தாளில் பிளஸ் டூ அளவுக் கணக்கும் பிசிக்ஸும் உண்டு; பயாலஜி குரூப் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். முதல் வருடத்திலேயே கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். நல்ல ராங்க் வந்தால் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. வரை போகலாம். எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000.

ஒன்றை மறைக்கக் கூடாது. வெறும் பி.எஸ்சி.க்கு வேலைச் சம்பளம் குறைவு; ஐந்து வருடத்துக்கு அவளிடமிருந்து வீட்டுக்குப் பணம் எதிர்பார்க்க முடியாது. அதைத் தாங்க முடியுமா என்ற கணக்கை உங்கள் தம்பியோடு போடாதீர்கள், அவளை உட்கார வைத்துப் போடுங்கள்.