சனிக்கிழமை ப்ளூஸும் மூன்று குரல்களும்

கேள்வி: அமெரிக்காவில், வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து கிதார் வாசிக்கிறேன். ஆர்ச்சி எட்வர்ட்ஸ் என்ற ப்ளூஸ் கலைஞரின் பெயரால் இங்கே சனிக்கிழமைகளில் கூடி வாசிக்கிறார்கள். போக ஆசை, ஆனால் "அது கறுப்பின மக்களின் இசை, நமக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார் மனைவி. அவரும் தோழிகள் இருவரும் நன்றாகப் பாடுவார்கள். ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஸ்வரத்தில் இசைந்து பாடும் ஹார்மனியில் விருப்பம் இருந்தும் மூவரும் ஒரே மெட்டுக்கு வந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: போங்கள். கிதாரையும் எடுத்துச் செல்லுங்கள். போனவுடன் உறையிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. அது கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை என்பதை ஒரு நிமிடமும் மறக்கக்கூடாது. மறு பாதிக்கு எட்வர்ட்ஸின் கதையே பதில். வர்ஜீனியாவின் கிராமப்புறத்தில் பிறந்த அவர், 1959-ல் வாஷிங்டனில் முடிதிருத்தும் கடை திறந்தார். கத்தரிக்கோலுக்கு ஓய்வு கிடைத்தால் கிதார். பல ஆண்டுகள் மறக்கப்பட்டு 1963-ல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் அந்தக் கடைக்கு வந்து வாசித்திருக்கிறார். எட்வர்ட்ஸ் 1998-ல் மறைந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தை விடாமல் தொடர்ந்த நண்பர்களில் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. கற்றுக்கொள்ள வருபவரை அவர்கள் விரட்டுவதில்லை. கறுப்பினத்தவரின் உச்சரிப்பைப் போலி செய்து பாடும் வேலை மட்டும் வேண்டாம். உங்கள் குரலில் பாடுங்கள்.

இத்தகைய கூட்டங்களில் வட்டமாக உட்கார்வார்கள். முறை வருபவர் ஒரு பாட்டைத் தேர்ந்து சுருதியைச் சொல்வார், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். உங்கள் முறைக்கு மூன்று கார்டில் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) அடங்கும், பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட 'பன்னிரண்டு பார்' ப்ளூஸ் ஒன்று தயாராக இருந்தால் போதும். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அடுத்தவர் பாடும்போது தன் வித்தையைக் காட்டுபவரை அங்கே யாரும் கண்டிக்க மாட்டார்கள். அடுத்த வாரம் அவர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவும் மாட்டார்கள்.

வீட்டில் பழக வேண்டியது கட்டைவிரலை. அந்த வட்டாரத்துக்கு உரிய பீட்மான்ட் பாணியில் கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறித் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிக்கும். தந்தியை மீட்டும் வில்லையான பிக்கை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுங்கள். கட்டைவிரல் தானாக ஓடும்வரை மெட்டுப் பக்கமே போக வேண்டாம். சலிப்பான பயிற்சிதான். குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி பாட்டு. நம் சங்கீதப் பயிற்சி, பக்கத்தில் பாடுபவரோடு ஒன்றிப் பாடச் சொல்கிறது. ஹார்மனியில் ஒட்டாமல் நிற்பதுதான் வேலை. முதலில் ஒருவர் ச, ஒருவர் அந்தர காந்தாரம், ஒருவர் ப என்று நீட்டிப் பிடிக்கட்டும். இடங்களை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். பிறகு மெதுவான ஒரு பாட்டை எடுத்து, மெட்டை நடுக்குரலுக்குக் கொடுங்கள். மெட்டு நகர்ந்தால் மற்ற இருவரும் அதைத் துரத்தக்கூடாது. கார்டு மாறும்போது, புதிய கார்டில் தங்களுக்கு மிக அருகில் இருக்கும் ஸ்வரத்துக்கு நகர்ந்தால் போதும். கார்டு மாறுவதைக் கிதாரில் காட்டுவது உங்கள் பொறுப்பு. நெருங்கி, முகம் பார்த்து நின்று பாடுங்கள். பக்கத்துக் குரல் காதில் விழவில்லை என்றால் நீங்கள் கத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

கேட்டுப் பழக, பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவே போதும். 1930-களில் நார்ஃபோக்கில் உருவான கோல்டன் கேட் க்வார்டெட் என்ற நால்வர் பாடகர் குழுவின் பதிவுகளில் கீழ்க்குரலை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். செசபீக் நகரத்துப் பாஸ்கல் சகோதரர்கள், தந்தை தொடங்கிய குழுவில் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுபவர்கள். 2012-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலை விருது பெற்றவர்கள். இவை தேவாலயப் பாடல்கள். விருந்துக் கேளிக்கையாக ஆக்கிவிடாதீர்கள்.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா மேடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆளுக்கொரு மைக் கொடுத்தால் குரல்கள் ஒன்றையொன்று கேட்காது. மைக் இல்லாத முதியோர் இல்லமோ நூலக அறையோ கிடைத்தால் அங்கே பாடுங்கள். சங்கத்தில் பாளையங்கோட்டைப் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். பாமாலைகளை நான்கு குரலில் பாடிப் பழகிய ஒருவர் கிடைத்தால், என் கடிதத்தைவிட விரைவாகச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.